புண்ணாக்கு மூட்டையும் வேலியோரத் தழையும்

முயல் வளர்ப்பில் இறங்கியவரின் கணக்கு நோட்டில் ஒரு செலவு மட்டும் மாதம் தவறாமல் வந்துகொண்டே இருக்கும். கூண்டு ஒருமுறை அடித்தால் பல ஆண்டு தாங்கும். தாய் முயல் வாங்கிய காசு சில ஈத்துகளில் திரும்பிவிடும். தீவனம் அப்படியல்ல. மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, கோதுமைத் தவிடு, தாது உப்பு எல்லாம் கலந்த மூட்டை தீர்ந்தால் அடுத்த மூட்டை வந்தாக வேண்டும். உற்பத்திச் செலவில் 60 முதல் 70 சதவீதம் தீவனத்துக்கே போகிறது என்பது உலகெங்கும் முயல் பண்ணைகளில் காணும் நிலை. மேட்டுப்பாளையம், காரமடை, சிறுமுகை வட்டாரத்துச் சிறு பண்ணைகளும் இதற்கு விலக்கல்ல. ஆனால் பல ஊர்களுக்கு வாய்க்காத ஒன்று இந்த வட்டாரத்துக்கு வாய்த்திருக்கிறது. வரப்பிலும் வேலியிலும் தோப்பு ஓரத்திலும் சவுண்டல், அகத்தி, முருங்கை, கிளைரிசிடியா, கல்யாண முருங்கை என்று தழை தரும் மரங்கள் நிற்கின்றன. ஆட்டுக்குத் தழை ஒடிப்பது கொங்கு நாட்டு வீடுகளில் அன்றாட வேலை. அதே தழை, வளரும் முயல் குட்டியின் தீவனத்தில் எவ்வளவு இடம் பிடிக்கலாம்? எந்தத் தழை, எந்த வடிவில்? எந்த அளவில் நிறுத்த வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு மேட்டுப்பாளையத்தைவிடப் பொருத்தமான ஊர் தமிழகத்தில் இல்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வனக் கல்லூரி 1990இலிருந்து இங்கே இயங்குகிறது. மலைவேம்பு, சவுக்கு, பெருமரம் போன்ற மரங்களை விவசாயிகளின் நிலத்துக்குக் கொண்டுபோனதில் இக்கல்லூரியின் பங்கு பெரிது. மல்பெரியை ஆராயும் பட்டுப்புழுவியல் துறையும் இதே வளாகத்தில்தான் இருக்கிறது. மலைப்பாதையில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் ஏறினால் ஊட்டி. அதற்கு அப்பால் சாண்டிநல்லாவில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் செம்மறியாட்டு இன ஆராய்ச்சி நிலையம் முயல்களையும் வளர்க்கிறது. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில், ராஜஸ்தானின் அவிகாநகரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையம் இருக்கிறது. ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா போன்ற இறைச்சி முயல் இனங்கள் இந்த மலை நிலையங்களிலிருந்து சமவெளிப் பண்ணைகளுக்கு இறங்கி வந்தவை. மரத்தைப் பற்றிய அறிவு அடிவாரத்தில் இருக்கிறது, முயலைப் பற்றிய அறிவு மலை மேல் இருக்கிறது. இரண்டும் ஒரே தொட்டியில் சந்திக்க வேண்டும்.

முயலின் குடலைப் புரிந்துகொள்ளாமல் தழையைப் பற்றிப் பேசினால் ஆட்டுக்குச் சொல்ல வேண்டியதை முயலுக்குச் சொன்னதாகிவிடும். ஆட்டுக்கு இரைப்பையே நொதிக்கும் கலம். தின்றது முதலில் அங்கே போய் நுண்ணுயிர்களால் உடைபட்டுப் பிறகுதான் செரிமானத்துக்கு வருகிறது. முயலுக்கு அந்தக் கலம் குடலின் பின்பகுதியில், குருட்டுக்குடலில் இருக்கிறது. தீவனம் முதலில் வயிற்றிலும் சிறுகுடலிலும் செரித்து, மிஞ்சியதுதான் நுண்ணுயிர்களிடம் போய்ச் சேர்கிறது. அங்கே உருவாகும் மிருதுவான புழுக்கையை முயல் ஆசனவாயிலிருந்தே எடுத்துத் தின்றுவிடுகிறது. நுண்ணுயிர்கள் கட்டிய புரதத்தின் ஒரு பகுதியும் பி வகை உயிர்ச்சத்துகளும் இந்த வழியாக உடலுக்கு வந்து சேர்கின்றன.

இந்த அமைப்பால் முயலுக்கு ஒரு லாபமும் ஒரு நட்டமும் உண்டு. இலையில் உள்ள புரதத்தை அது நன்றாகச் செரிக்கும்; சிறுகுடலில் நேரடியாகக் கொஞ்சம், மிருதுப் புழுக்கை வழியாக மறுபடி கொஞ்சம். நாரைச் செரிக்கும் திறமையில் அது ஆடு மாடுகளுக்குப் பின்தங்கியது. முரட்டு நாரை வேகமாக வெளியே தள்ளிவிடும். ஆனால் அந்த நார் செரிக்காவிட்டாலும் குடலுக்கு வேண்டும். குடல் அசைவைத் தூண்டி, குருட்டுக்குடலில் சரக்கு தேங்காமல் பார்த்துக்கொள்வது அதுதான். தாயைப் பிரித்த குட்டிக்கு நார் குறைந்து மாவுச்சத்து கூடினால் குருட்டுக்குடலின் நுண்ணுயிர்ச் சமநிலை குலைகிறது, கழிச்சல் வருகிறது. ஐந்து முதல் எட்டு வாரத்துக்குள் முயல் பண்ணைகளில் சாகும் குட்டிகளில் பெரும்பகுதி இந்த வகைதான்.

வளரும் முயலின் தீவனத்தில் புரதம் 16 சதவீதமும், நார்ச்சத்து 12 முதல் 15 சதவீதமும், கிலோவுக்குச் செரிக்கத்தக்க எரிசக்தி 2,500 கிலோகலோரியும் இருக்க வேண்டும் என்பது பல நாட்டு அட்டவணைகளும் ஏறக்குறைய ஒத்துக்கொள்ளும் அளவு. ஐரோப்பாவில் இதை நிறைவேற்றும் முதுகெலும்பு உலர்ந்த குதிரை மசால். புரதமும் நாரும் ஒருசேரத் தரும் பயிர் அது. கோயமுத்தூர் வட்டாரத்துக்குக் குதிரை மசால் புதிதல்ல. ஆனால் நல்ல தண்ணீரும் நல்ல மண்ணும் கேட்கும். மானாவாரித் தோட்டத்தில் அதை முயலுக்காக வளர்ப்பவர் அரிது. ஆகவே, மக்காச்சோளத்தைத் தூக்கிவிட்டுத் தழையைப் போடலாமா என்ற யோசனையே தப்பான இடத்தில் தொடங்குகிறது. தழை எடுத்துக்கொள்ள வேண்டிய இடம் குதிரை மசாலின் இடம்; புண்ணாக்கில் ஒரு பங்கு, தவிட்டில் ஒரு பங்கு. தானியத்தின் வேலை வேறு.

இனி ஒவ்வொரு தழையாகப் பார்க்கலாம்.

முதல் இடம் மல்பெரிக்குத்தான். பட்டுப்புழுவுக்கென்றே பல தலைமுறை தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட இலை என்பதால் கசப்பும் நஞ்சும் இதில் மிகக் குறைவு. உலர்ந்த இலையில் 15 முதல் 25 சதவீதம் புரதம். கொழுந்தும் உரமும் கூடினால் புரதமும் கூடும். முயல் இதை முதல் நாளே தின்னும், பழக்கப்படுத்த வேண்டியதில்லை. உடுமலை, கோபி, பொள்ளாச்சிப் பக்கங்களில் பட்டு வளர்ப்பு வேரூன்றியிருப்பதால் வி1 போன்ற உயர்விளைச்சல் ரகங்கள் கொங்கு விவசாயிக்குப் பழக்கமானவை. மைசூரின் மத்தியப் பட்டு ஆராய்ச்சி நிலையம் தந்த ரகம் அது. பட்டு வளர்ப்பவருக்கு இலை மிஞ்சும் நாள்களும் உண்டு. கூடு விலை சரிந்து ஒரு தொகுதிப் புழுவை விட்டுவிட்டால் தோட்டத்தில் இலை முற்றி வீணாகும். அந்த இலைக்கு முயல் நல்ல கிராக்கி. ஒரு எச்சரிக்கை மட்டும் அவசியம்: புழுப் படுக்கையில் மிஞ்சிய இலையை முயலுக்குப் போடக்கூடாது. புழு நோய் தடுக்கத் தூவும் சுண்ணாம்புத் தூளும் கிருமிநாசினித் தூள்களும் அதில் ஒட்டியிருக்கும். செடியிலிருந்து நேராக வந்த இலை வேறு, படுக்கையிலிருந்து வந்த இலை வேறு.

முருங்கையும் அகத்தியும் அடுத்த வரிசை. இரண்டிலும் உலர்ந்த இலையில் புரதம் 25 சதவீதத்தைத் தொடும், சில சமயம் தாண்டும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989இல் வெளியிட்ட பிகேஎம்-1 செடிமுருங்கை வந்த பிறகு மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சி வட்டாரங்கள் முருங்கைச் சீமையாகவே மாறின. காய்ப்பு முடிந்ததும் செடியைத் தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கு வெட்டிவிடுவது அங்கே வழக்கம். வெட்டி விழும் கிளைகளின் இலையில் ஒரு பகுதி ஆட்டுக்குப் போகிறது, மீதி வரப்பில் காய்கிறது. கானா நாட்டின் குமாசியில் 2010இல் நடந்த ஆய்வொன்றில் தாயைப் பிரித்த முயல் குட்டிகளுக்கு முருங்கை இலைத்தூளைத் தீவனத்தில் 20 சதவீதம் வரை சேர்த்துப் பார்த்தார்கள். வளர்ச்சிக்குக் கேடு வரவில்லை. அகத்திக்குக் கொங்கு நாட்டில் இன்னொரு வாழ்வும் உண்டு. கரூர், பரமத்தி வேலூர்ப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால்களில் கொடி படரும் கால் அதுதான். நிழல் அதிகமானால் அகத்தியைக் கழித்துவிடுவார்கள்; கழித்த தழை கட்டுக்கட்டாகக் கிடைக்கும். இலை கோழிக் குஞ்சுக்கு ஆகாது, முயலுக்கு ஆகும்.

மல்பெரி, முருங்கை, அகத்தி மூன்றுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு, பலர் கவனிப்பதில்லை. இந்த இலைகளில் நார் குறைவு. தழை என்றாலே நார் என்று எண்ணிக்கொண்டு புல்லை நிறுத்திவிட்டு அகத்தியை மட்டும் அள்ளிப் போட்டால், சில நாளில் கூண்டுக்கடியில் புழுக்கை உருண்டையாக விழாது, கூழாக விழும். இலையின் குற்றம் அல்ல அது. பக்கத்தில் ஒரு பிடி கொழுக்கட்டைப் புல்லோ காய்ந்த சோளத்தட்டோ இல்லாத குற்றம்.

சவுண்டலின் கதை நீளமானது. சுபாபுல் என்ற பெயரில் 1970களிலும் 80களிலும் இந்தியாவெங்கும் அற்புத மரமாகப் பரப்பப்பட்டது. ஹவாயிலிருந்து வந்த உயரமான கே-8 ரகத்தைப் புனே அருகே உருளிகாஞ்சனில் இயங்கிய பாய்ஃப் அமைப்பு பரப்பியது. தமிழகத்தின் சமூகக் காடுகளிலும் வேலிகளிலும் அது இடம் பிடித்தது. புரதம் 22 முதல் 25 சதவீதம், வெட்ட வெட்டத் துளிர்க்கும், வறட்சி தாங்கும். தீவன மரத்துக்குக் கேட்கும் குணம் எல்லாம் அதற்கு உண்டு. கூடவே மிமோசின் என்ற அமினோ அமிலமும் உண்டு.

மிமோசின் உடலில் டைரோசின் போல வேடமிட்டு நுழைகிறது. மயிர்க்கால்களில் செல் பிரிவதைத் தடுக்கிறது. சவுண்டலை நிறையத் தின்ற குதிரைகளுக்குப் பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டும்; செம்மறியாட்டுக்கு ரோமம் கழன்று வரும். இரைப்பையில் அது சிதைந்து உண்டாகும் டிஎச்பி என்ற பொருள் தைராய்டு சுரப்பியைத் தாக்கும். ஆஸ்திரேலியாவில் மாடுகள் இதனால் நலிந்தபோது, ஹவாயில் ஆடுகள் இதே தழையைத் தின்று நலமாக இருப்பதை ரேமண்ட் ஜோன்ஸ் என்ற விஞ்ஞானி கவனித்தார். ஹவாய் ஆட்டின் இரைப்பைச் சாறு 1980களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதில் வாழ்ந்த ஒரு பாக்டீரியா நஞ்சைச் சிதைத்தது. 1992இல் அந்த நுண்ணுயிருக்கு அவர் பெயரையே சேர்த்து சினர்ஜிஸ்டஸ் ஜோன்சியை என்று பெயரிட்டார்கள். கால்நடை அறிவியலின் அழகான கண்டுபிடிப்புகளில் ஒன்று அது.

முயலுக்கு அந்த ஆறுதல் கிடையாது. நஞ்சு நுண்ணுயிர்களைச் சந்திக்கும் முன்பே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டுவிடும். ஆகவே ஆட்டுக்கு நன்றாயிருக்கிறது என்ற அனுபவத்தை வைத்து முயலுக்குச் சவுண்டலைத் தாராளமாகப் போடுவது ஆபத்து. மயிர் உதிர்வது வெளியே தெரியும் அடையாளம். வளர்ச்சி குன்றுவதும், தாய் முயல் சினை பிடிக்காமல் போவதும் பிறகு தெரியும். இளங்கொழுந்தில் மிமோசின் மிக அதிகம். முற்றிய இலையில் குறைவு. வெயிலில் காய்வதாலும் தண்ணீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டுவதாலும் அது குறையும். இரும்பு சல்பேட் சேர்த்தால் மிமோசின் அதோடு பிணைந்து புழுக்கையோடு வெளியேறும். இதில் ஒரு சிக்கலும் உண்டு: இலை வாடும்போது அதிலுள்ள நொதியே மிமோசினை டிஎச்பி ஆக மாற்றிவிடும், முதல் நஞ்சு குறைந்தது போலத் தெரிந்தாலும் இரண்டாவது மிஞ்சியிருக்கும். இதையெல்லாம் பார்க்கும்போது, வளரும் முயலுக்கு உலர்ந்த சவுண்டல் தூளை மொத்தத் தீவனத்தில் 10 சதவீதத்தோடு நிறுத்துவதே அறிவுடைமை. இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் தாய் முயலுக்கு அதுவும் வேண்டாம்.

கிளைரிசிடியா வேறு வகை. பச்சையாகப் போட்டால் முயல் முகர்ந்துவிட்டு ஒதுங்கும். வாடவைத்துப் போட்டால் பழகிக்கொள்ளும். இலையிலுள்ள கூமரின் என்ற மணப்பொருள் நல்ல நிலையில் கேடில்லாதது. ஆனால் ஈரத்தோடு குவித்து வைத்துப் பூஞ்சை பிடித்தால் டைகூமரால் ஆக மாறும். அது இரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருள், எலி மருந்துகளின் மூதாதை. மழைக்காலத்தில் கிளைரிசிடியாவைக் காயவைக்க முயல்வதைவிட அதை வயலுக்குப் பசுந்தாள் உரமாகப் போட்டுவிடுவது மேல்.

கல்யாண முருங்கை இலையை வேலி மசாலோடும் அகத்தியோடும் சேர்த்து முயலுக்குக் கொடுப்பது தமிழகத்தில் நெடுநாள் வழக்கம். கொஞ்சமாகக் கொடுக்கும் பசுந்தழையாக அது தொடரட்டும். முக்கியத் தீவனமாக்க வேண்டிய தேவை இல்லை.

மேட்டுப்பாளையத்துக்கே உரிய இரண்டு மரங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். தீப்பெட்டித் தொழிலுக்காக இங்கே நடப்படும் பெருமரம், ராஜஸ்தானில் அர்டு என்ற பெயரில் தீவன மரமாகவே மதிக்கப்படுகிறது. கோடையில் புல் காய்ந்த காலத்தில் அங்கே செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் அதன் தழை உயிர் காக்கும் உணவு. நம் பக்கத்தில் அந்த மரத்தின் நாற்றத்தைச் சொல்லி முகம் சுளிப்பவர்கள் அதன் இலையைத் தொட்டியில் போட்டுப் பார்க்காமலே விட்டுவிட்டார்கள். முயலுக்கு இதை முறையாகச் சோதிக்க வேண்டும். சோதிக்க வேண்டிய இடம் இந்த ஊர்தான். மலைவேம்பின் நிலை வேறு. தண்டு நேராக வளரக் கிளை கழிக்கிறார்கள், தழை டன் கணக்கில் விழுகிறது. ஆனால் அதன் நெருங்கிய உறவான துருக்க வேம்பின் பழம் பன்றிகளைக் கொல்லும் அளவுக்கு நஞ்சுடையது. உறவில் நஞ்சு இருக்கும்போது ஆட்டு அனுபவத்தை மட்டும் நம்பி முயல் குட்டிக்கு அள்ளிப் போடுவது சரியல்ல.

காங்கயம், வெள்ளக்கோவில் பக்கத்துக் கொரங்காடுகளை அறிந்தவருக்கு வெள்வேல் மரம் நினைவுக்கு வரும். கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலும் சேர்ந்து காங்கயம் மாட்டையும் மேச்சேரி ஆட்டையும் வளர்த்த மேய்ச்சல் முறை அது. வெள்வேலின் காய் ஆட்டுக்கு விருந்து. முயலுக்கு இலையிலுள்ள டானின் தடையாகும். புரதத்தோடு பிணைந்து அதைச் செரிக்கவிடாமல் செய்யும். எனினும் டானின் என்றாலே தீது என்று தள்ளிவிட முடியாது. ஐரோப்பாவில் செஸ்ட்நட் மரத்திலிருந்து எடுத்த டானினை முயல் தீவனத்தில் சிறிதளவு வேண்டுமென்றே சேர்க்கிறார்கள், கழிச்சலைக் குறைக்கும் என்பதற்காக. அளவுதான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

உலக ஆய்வுகளை ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் ஒரு பாதை தெரிகிறது. அமெரிக்காவின் ஆரெகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பீட்டர் சீக் என்பவரின் குழு 1970கள் தொடங்கி இருபது ஆண்டுக்கு மேல் குதிரை மசாலுக்கு மாற்றுத் தேடியது. கருப்பு லோகஸ்ட், கலப்பின பாப்லர் மரங்களின் இலைகளைக்கூட முயலுக்குக் கொடுத்துப் பார்த்தது. இந்தோனேசியாவிலிருந்து வந்த ஆய்வாளர்களோடு சேர்ந்து வெப்பமண்டலத் தழைகளையும் சோதித்தது. தழையின் புரதம் முயலுக்கு நன்றாகச் செரிக்கிறது, நார் செரிக்கவில்லை என்பது அந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்தது. வியட்நாமிலும் கம்போடியாவிலும் மல்பெரி இலையும் வள்ளைக்கீரையும் சேர்த்துக் கொடுத்துத் தானியமே இல்லாமல் சிறு குடும்பங்கள் முயல் வளர்ப்பது பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. வளர்ச்சி குறைவுதான். ஐரோப்பியப் பண்ணையில் குட்டி நாளொன்றுக்கு 40 கிராம் ஏறும்போது, வெப்பமண்டலக் குடிசைப் பண்ணையில் 10 முதல் 20 கிராம்தான் ஏறுகிறது. ஆனால் அங்கே தீவனத்துக்குக் காசு போகவில்லை.

இந்த ஆய்வுகளைப் படிக்கும்போது ஒரு நிதானம் வேண்டும். பெரும்பாலானவை ஆறிலிருந்து பத்து வாரம் வரை, சில பத்து முயல்களை வைத்துச் செய்தவை. எடை எவ்வளவு ஏறியது என்று சொல்பவை. எத்தனை குட்டி இறந்தது என்பதற்கு அந்தச் சிறு எண்ணிக்கையில் நம்பத்தக்க விடை கிடைக்காது. பண்ணையாளருக்கோ இறப்புதான் முதல் நட்டம். புரதம் 25 சதவீதம் என்று அச்சிட்ட அட்டவணை, அதில் எவ்வளவு முயலின் இரத்தத்துக்குப் போகிறது என்று சொல்வதில்லை. மழைக்குப் பின் துளிர்த்த இலையும் சித்திரை வெயிலில் முற்றிய இலையும் ஒரே பெயரில் ஒரே அட்டவணையில் உட்கார்ந்திருக்கும்.

எண்களைத் தொட்டியில் போட்டுப் பார்ப்போம். நூறு கிலோ கலவைக்கு மக்காச்சோளம் 32, கோதுமைத் தவிடு 34, கடலைப் புண்ணாக்கு 6, எள்ளுப் புண்ணாக்கு 6, மல்பெரி அல்லது முருங்கை இலைத்தூள் 20, தாது உப்பு ஒன்றரை, சாதா உப்பு அரை கிலோ. வழக்கமான சத்து அளவுகளை வைத்துக் கணக்கிட்டால் புரதம் ஏறத்தாழ 17 சதவீதம் வரும், போதும். நார்ச்சத்து 8 சதவீதத்தைத் தாண்டாது, போதாது. எனவே இந்தக் கலவையோடு கூண்டில் எந்நேரமும் புல் தொங்க வேண்டும். இருபது கிலோ இலைத்தூள் தரும் நாலு கிலோ சொச்சம் புரதம், பத்து கிலோ கடலைப் புண்ணாக்கு தரும் புரதத்துக்குக் காகிதத்தில் சமம். செரிமானத்தைக் கழித்தால் எட்டு கிலோவுக்குச் சமம் என்று வைக்கலாம். மிச்சம் அதுதான்.

எள்ளுப் புண்ணாக்கைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. தழைப் புரதத்தில், அதுவும் பயறு வகை மரங்களின் தழையில், மெத்தியோனின் என்ற கந்தக அமினோ அமிலம் குறைவு. கடலைப் புண்ணாக்கிலும் அது குறைவு. குறையும் குறையும் சேர்ந்தால் குறை தீராது. எள்ளில் மெத்தியோனின் நிறைய உண்டு, லைசின் குறைவு. அந்த லைசினைத் தழை ஓரளவு ஈடு செய்யும். செக்கு எண்ணெய் ஆட்டும் ஊர்களில் எள்ளுப் புண்ணாக்கு தட்டுப்பாடில்லாத பொருள்.

நூறு குட்டிகளை ஐந்தாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை வளர்த்து இரண்டு கிலோ எடையில் விற்பதாக வைத்துக்கொண்டால், சராசரி நாளொன்றுக்கு 80 கிராம் வீதம் 390 கிலோ கலவை ஆகும். அதில் இலைத்தூள் ஏறத்தாழ 80 கிலோ. பச்சை இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால் 320 கிலோவுக்குக் குறையாமல் பச்சை இலை பறிக்க வேண்டும்; தினம் ஆறு ஏழு கிலோ. வேலியில் மரம் உள்ள, ஆட்டுக்குத் தழை ஒடிக்கும் பழக்கமுள்ள குடும்பத்துக்கு இது கூடுதல் பாரமல்ல. கூலிக்கு ஆள் வைத்துப் பறித்தால் மிச்சமாகும் புண்ணாக்குக் காசு கூலிக்கே போய்விடும். தழைத் தீவனம் சிறு பண்ணைக்கு லாபம், பெரும் பண்ணைக்குத் தொல்லை என்பதன் காரணம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

காயவைப்பதில் கவனம் வேண்டும். நேர் வெயிலில் இரண்டு நாள் கிடந்த இலை வெளிறும். உயிர்ச்சத்து ஏ தரும் கரோட்டின் பெருமளவு போய்விடும். கிளையோடு வெட்டி, காற்றோட்டமான நிழலில் கட்டித் தொங்கவிடுவது நல்லது. சவுண்டல், அகத்தி, கிளைரிசிடியா இவற்றின் சிற்றிலைகள் காய்ந்ததும் தாமாகவே உதிரும். கட்டைத் தார்ப்பாய் மேல் தட்டினால் இலை தனியாக, காம்பு தனியாகப் பிரிந்துவிடும். கையில் நொறுங்கும் பதத்தில் ஈரம் 10 முதல் 12 சதவீதமாக இருக்கும். அதற்கு முன்பே சாக்கில் கட்டினால் பூஞ்சை பிடிக்கும். அரைப்பது மாவாக இருக்கக் கூடாது. மிக நுண்ணிய தூள் குருட்டுக்குடலில் தங்கிக் கழிச்சலைத் தூண்டும். தொட்டியில் பறக்கும் தூசி மூக்கடைப்பையும் சளியையும் கொண்டுவரும். குச்சித் தீவனமாக அழுத்த வசதி இருந்தால் சிறப்பு. இல்லாதவர்கள் வெல்லப்பாகுக் கழிவோ தண்ணீரோ தெளித்துப் பிசறி, அன்றன்றைக்கே தின்னக் கொடுக்கலாம்.

கோடையை மறந்து தீவனம் பேச முடியாது. முயலுக்கு இதமான வெப்பம் 15 முதல் 25 டிகிரி. நீலகிரியின் காலடியில் இருந்தாலும் மேட்டுப்பாளையத்தில் கோடைப் பகல் 35 டிகிரியைத் தாண்டும். வெப்பத்தில் முயல் தின்பதைக் குறைத்துக்கொள்ளும். குறைவாகத் தின்னும்போது சத்து அடர்த்தியாக இருக்க வேண்டும். எனவே சித்திரை, வைகாசியில் இலைத்தூளின் பங்கை 20லிருந்து 10 சதவீதத்துக்கு இறக்குவது உசிதம். பசுந்தழையையோ வெயில் தாழ்ந்த பிறகு கொடுத்தால் முயல் இரவெல்லாம் தின்னும், தண்ணீரும் அதிலிருந்தே கொஞ்சம் கிடைக்கும். மேட்டுப்பாளையம் மண்டிகளில் கழித்துப் போடும் முட்டைக்கோஸ் தழை இலவசமாகக் கிடைக்கிறதே என்று சிலர் அதையே முழுத் தீவனமாக்குகிறார்கள். அது பெரும்பாலும் தண்ணீர்தான். மரத்தழையின் சத்துக்கு அருகில் வராது.

இன்னும் மூன்று எச்சரிக்கைகள். மரத்தழையில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. முயலின் உடல் தின்ற சுண்ணாம்பை அளவு பார்க்காமல் உறிஞ்சி, மிஞ்சியதைச் சிறுநீரில் வெளியேற்றும். சிறுநீர் வெள்ளையாகக் கெட்டிப்படும். பன்னிரண்டு வாரத்தில் விற்கும் குட்டிக்கு இது பெரிய சிக்கல் இல்லை, ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும் தாய்க்கும் கிடாவுக்கும் சிக்கல்தான். பூச்சிமருந்து அடித்த முருங்கை, கறிவேப்பிலைத் தோட்டத்து இலை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடக்கூடாது. மேட்டுப்பாளையம், சிறுமுகை வனச்சரகக் காப்புக்காட்டில் தழை ஒடிப்பது சட்டப்படி குற்றம். யானை நடமாடும் காடு என்பதால் உயிருக்கும் ஆபத்து. சொந்த வேலியில் நட்ட மரம்தான் நிலைத்த வழி.

கொங்கு நாடு புதுக் கால்நடைத் தொழில்களில் சூடுபட்ட மண். 2012இல் பெருந்துறையை மையமாகக் கொண்ட ஈமுக்கோழித் திட்டங்கள் சரிந்தபோது, திருப்பி வாங்கிக்கொள்வோம் என்ற வாக்குறுதியை நம்பிப் பணம் போட்ட ஆயிரக்கணக்கானோர் தவித்தார்கள். முயலையும் அதே வாக்குறுதியோடு விற்பவர்கள் உண்டு. பண்ணையாளர் கேட்க வேண்டியது யார் திருப்பி வாங்குவார் என்பதை அல்ல. ஒரு கிலோ உயிர் எடை ஏற எத்தனை ரூபாய் தீவனம் ஆகிறது என்பதை. அந்தக் கணக்கை இறக்கும் வழிகளில் தழை ஒன்று. கழிச்சலைத் தடுத்துக் குட்டிகளைப் பிழைக்க வைப்பது அதைவிடப் பெரிய வழி.

மல்பெரி முதலில், முருங்கையும் அகத்தியும் அடுத்து, சவுண்டல் பத்து சதவீதத்துக்குள், கிளைரிசிடியா கோடையில் மட்டும், புல் எப்போதும்: இன்று கையில் உள்ள சான்றுகள் இந்த அளவுக்கு உறுதியாகச் சொல்ல இடம் தருகின்றன. இதற்கு மேல் போக, வனக் கல்லூரியும் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் சேர்ந்து இந்த வட்டாரத்து மரங்களை இந்த வட்டாரத்து வெயிலில் சோதிக்க வேண்டும். பெருமரத்தையும் சேர்த்து நாலு தழை, கோடை ஒன்று, மழை ஒன்று, ஒவ்வொரு தொகுதியிலும் இறப்பைக் கணக்கிடும் அளவுக்குக் குட்டிகள், முடிவில் கிலோவுக்கு ஆன செலவு. அந்த முடிவு வரும் வரை காத்திருக்க முடியாத பண்ணையாளர் பத்துக் குட்டிகளைத் தனியே பிரித்து, இலைத்தூளைப் பத்து நாளில் படிப்படியாக ஏற்றி, வாரம் ஒருமுறை தராசில் வைத்து எடை எழுதி வரட்டும். புழுக்கை இளகினால் அன்றே தழையை நிறுத்திவிட்டுப் புல்லைக் கூட்டட்டும்.